கட்டுத்தாரையில் நிற்கும் பழைய டிராக்டர்கள்

சேலம் மாநகராட்சியானது 1994இல். நாமக்கல் அந்த நிலைக்கு உயர்ந்தது 2024இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இந்தச் சமவெளியில் ஊர் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் விளைந்த செம்மண் காடுகள் மனைகளாயின. மனைகளில் மாடி வீடுகள் எழும்பின. நடுவில் பழைய தோட்டத்து வீடு ஒன்று மட்டும் தன் அகன்ற வாசலோடு தங்கிவிடும். அதன் கட்டுத்தாரையில் இப்போது காளைகள் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாஸி ஃபெர்குசன், பக்கத்தில் ஒரு ஃபோர்டு, முன்சக்கரத்தைக் கழற்றிக் கல்லின் மேல் ஏற்றிவைத்த ஒரு ஜீட்டர். பக்கத்து மனைக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு அது பழைய இரும்பு. வீட்டுக்காரருக்கு அது அப்பாவின் சம்பாத்தியம்.

இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இது ஆராய வேண்டிய கேள்வியாகிறது. பழைய கார்களுக்கு இந்தியாவில் சங்கங்கள் உண்டு, ஊர்வலங்கள் உண்டு, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்ப அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகமும் உண்டு. டிராக்டருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ராஜாக்கள் ஏறிய காரை ஊரே வேடிக்கை பார்க்கும். கூலிக்கு உழுத வண்டியை யார் பார்ப்பார்கள்? அதனால் இந்தப் பகுதியில் பழைய டிராக்டர்கள் மிஞ்சியிருப்பது யாரோ தேடி வாங்கிச் சேர்த்ததால் அல்ல. விற்க மனம் வராமல் விட்டதால், விற்றாலும் கிலோ கணக்கில்தான் போகும் என்பதால், சில வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாததால். இப்படி நின்றுபோன வண்டிகளைப் பார்த்து இளையவர் ஒருவருக்கு ஆசை வந்து, இன்னும் இரண்டைப் பட்டறைகளிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தால் அது சேகரிப்பு ஆகிவிடுகிறது. சிக்கலும் அன்றைக்கே தொடங்குகிறது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நகருக்குள் ஒரு வீட்டு வாசல் இரண்டு, மூன்று டிராக்டர்களைத் தாங்கும். கூரை, கேட்டால் கிளம்பும் எஞ்சின், கையில் ஆர்சி புத்தகம் ஆகிய மூன்றும் இருந்தால். அதற்கு மேல் போவது ஊருக்கும் தொல்லை, வண்டிக்கும் கேடு. சட்டம் தடுக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சட்டம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. ஒரு மனிதரின் ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவுதான் தாங்கும் என்பதே காரணம்.

எவற்றைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். சுதந்திரத்தை ஒட்டி, 1947இல், அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற இயந்திரங்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு என்ற அரசு நிறுவனம் வட இந்தியாவில் காடு திருத்தியது. தனி விவசாயியின் கைக்கு டிராக்டர் வந்தது இறக்குமதி வழியாக: இங்கிலாந்திலிருந்து ஃபெர்குசனும் ஃபோர்ட்சனும், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜீட்டரும், சோவியத் நாட்டிலிருந்து டிடி-14 போன்றவையும். 1959 ஏப்ரலில் ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் இந்தியாவில் கட்டிய முதல் டிராக்டரை வெளியே விட்டது. 1960இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி ஃபெர்குசனோடு சேர்ந்து டாஃபேயைத் தொடங்கியது. 1963இல் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் மூன்றும் கூட்டுச் சேர்ந்து பி-275ஐக் கொண்டுவந்தன. எஸ்கார்ட்ஸ் ஃபோர்டோடு கைகோத்தது. 1971இல் எச்எம்டி பிஞ்சூரில் ஜீட்டர் 2511ஐச் செய்யத் தொடங்கியது. 1974இல் பஞ்சாபிலிருந்து ஸ்வராஜ் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி என்று இன்றைக்கு ஒருவர் தேடினால், இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றுதான் அவர் கைக்குக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் டாஃபேதான் பரவலானது என்பதில் வியப்பில்லை. சேலத்துக்குச் சென்னை பக்கம். எஞ்சின் செய்த சிம்சனும் அதே குழுமத்தின் சென்னை நிறுவனம். உதிரிப் பாகத்துக்கு வடநாடு போக வேண்டியதில்லை. மாஸி 35, பிறகு 1035 என்று வந்த அந்த மூன்று சிலிண்டர் வண்டியின் எஞ்சின் பெர்கின்ஸ் வழிவந்தது. இங்கிலாந்தில் 1957இல் முதலில் வந்த 35க்கு வேறொரு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. குளிர்காலக் காலையில் அது கிளம்பாமல் அங்குள்ள விவசாயிகளை அழவைத்தது பிரசித்தம். இரண்டே ஆண்டில் பெர்கின்ஸுக்கு மாற்றினார்கள். சேலத்து வெயிலில் அந்த எஞ்சினும் ஒழுங்காகவே கிளம்பியிருக்கும் என்று எனக்கொரு எண்ணம்.

இந்த மண்ணுக்கு ஃபெர்குசன் வழி வண்டிகள் பொருந்தியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. ஹாரி ஃபெர்குசன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று கைகளால் வண்டியோடு பிணைத்தார். மண் இறுகி இழுவை கூடினால் மேல்கை ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். அந்த அழுத்தம் ஹைட்ராலிக் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். தூக்கிய எடை பின்சக்கரத்தின் மேல் இறங்கிப் பிடிமானம் கொடுக்கும். அதனால்தான் ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான டிஇ-20 போன்ற சிறு வண்டி கனத்த வண்டிகளின் வேலையைச் செய்தது. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டாலோ, லிஃப்ட் அழுத்தத்தை விட்டுவிடும். சக்கரம் சும்மா சுற்றும். வண்டி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் மேல் கவிழாது. மேல்மண்ணுக்கு ஒரு முழத்துக்குக் கீழே பாறை கிடக்கும் ராசிபுரம், திருச்செங்கோட்டு மேட்டுக்காடுகளில் இதன் அருமை ஓட்டியவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட அறிவு ஒரு வண்டிக்குள் இரும்பாக நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க ஒரு இடம் வேண்டாமா என்பதுதான் சேகரிப்பவர் தரப்பின் வலுவான வாதம்.

அடுத்த கேள்வி, யார் கைக்கு இந்த வேலை வரும் என்பது. இந்தப் பகுதிக்கு இயல்பாகவே ஒரு பலம் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போர் போடப் போகின்றன. இவற்றைச் சுற்றி வளர்ந்த லேத்துப் பட்டறை, டீசல் பம்ப் சர்வீஸ், ரேடியேட்டர் கடை, வெல்டிங் கடை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கைத்தொழில் உலகம். கடையில் கிடைக்காத ஒரு புஷ்ஷை, ஒரு பின்னை, பழையதைக் கையில் கொடுத்து அதேபோல் கடைந்து வாங்க முடிகிற ஊர்கள் இந்தியாவில் எத்தனை இருக்கும்? பல பெரிய நகரங்களில் இந்த வசதி வற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பலமே ஒரு பலவீனமும் ஆகிறது. இங்கே டிராக்டர் சும்மா நின்றதில்லை. உழவுக்கு ஆகாது என்று ஒதுக்கிய வண்டிக்குப் பின்னால் கம்ப்ரசரை ஏற்றிக் கிணறு வெட்டப் பாறை துளைக்க அனுப்பினார்கள். அதற்கும் ஆகாதபோது தண்ணீர் டேங்கர் இழுத்தது, செங்கல் சூளையில் மண் மிதித்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்றம். மாஸியின் முன்பகுதியில் வேறொரு வண்டியின் ஆக்சில். ஃபோர்டில் லாரி டைனமோ. எல்லாவற்றின் மேலும் பட்டறைக்காரர் விருப்பப்படி ஒரு சிவப்பு. ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ் ஹவுசிங், அதிர்ஷ்டம் இருந்தால் எண் பொறித்த தகடு.

சேகரிப்பவர்களுக்குள் பெரிய சண்டையே இங்குதான். எல்லாவற்றையும் களைந்து, புதுப் பாகம் போட்டு, ஷோரூமிலிருந்து வந்த நாள் போல ஆக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பட்ட காயங்களோடு நிறுத்த வேண்டும் என்பது மறு கட்சி. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா 2012இல் வகுத்த டூரின் சாசனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது: வாழ்க்கையில் வண்டி அடைந்த மாற்றங்களும் அதன் வரலாறே, அவசியமானதை மட்டும் தொடு, செய்ததை எழுதி வை. நானும் இந்தக் கட்சிதான். கம்ப்ரசர் ஏற்றுவதற்காக வெட்டி ஒட்டிய சேஸிஸ் தாங்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இணையத்தில் வாங்கிய பளபளக்கும் எழுத்துகளை ஒட்டினால் அந்த வண்டி இங்கிலாந்தின் எந்தக் கொட்டகையிலும் நிற்கலாம். நாமக்கல்லின் வண்டி என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சாது. கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அங்கே வரலாறு பார்க்கக் கூடாது, புதிதாகவே போட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருந்தது. அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதுவது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, கட்டி, அப்புறப்படுத்த வேண்டும்.

இனி வாசலுக்கு வருவோம். மாஸி அளவு வண்டி ஒன்று சுமார் பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சக்கரம் கழற்ற, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நடுவில் பிரித்து உருட்ட, செயின் பிளாக் தொங்கவிட இடம் வேண்டும். ஒரு வண்டிக்குப் பதினைந்துக்குப் பத்தடி என்று வைத்தால் 150 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி. ஆக மூன்று வண்டிக்கு ஒரு சென்ட் போய்விடும், வண்டி வெளியே வரும் பாதை தனி. ஐந்து சென்ட் மனையில் வீடும் கட்டி, கார் நிறுத்தி, துணி காயப்போட்டு, மீதியில் ஆறு டிராக்டர் என்பது கனவில்தான் நடக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி வருடத்துக்கு ஒருமுறைகூட வெளியே வராது. வெளியே வராத வண்டியின் பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொள்ளும். அன்றோடு அதன் கதை முடிந்தது.

வெயிலும் மழையும் அடுத்த எதிரிகள். சித்திரை வெயிலில் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும். ஐப்பசி மழையில் நேராக நிற்கும் சைலன்சர் குழாய் வழியே தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வைக் கடந்து சிலிண்டருக்குள் தேங்கும். ஒரு பழைய தகர டப்பாவை அதன் மேல் கவிழ்த்து வைக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களால் எத்தனையோ எஞ்சின்கள் பிழைத்திருக்கின்றன. சக்கரங்களைக் கட்டையில் ஏற்றி டயரைத் தரையிலிருந்து விடுவிப்பது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளம்பவைத்து எஞ்சின் சூடேறும்வரை ஓடவிடுவது, கிளட்ச் மிதியைக் கட்டை கொடுத்து அழுத்தியே வைப்பது என்பவை எல்லாம் பட்டறைக்காரர்கள் சொல்லும் வைத்தியம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மழைக்காலம் முழுதும் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், கியர் விழாமல் பிரித்துப் போட வேண்டிவரும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தப் பகுதி என்பதால். சேலம், நாமக்கல் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமான உப்புத் தண்ணீர். குழாயைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால் சில ஆண்டில் உள்ளே வெள்ளைப் படிவம் கட்டி, கோடையில் எஞ்சின் கொதிக்கும். பிடித்துவைத்த மழைநீரோ, வடிநீரோ போதும். அதோடு துருத்தடுப்புத் திரவம். எரிபொருளும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து நாம் வாங்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் மிகக் குறைவு. அது காற்றுக்கு நல்லது, பழைய பம்பின் ரப்பர் வளையங்களுக்கோ சிலசமயம் ஒத்துக்கொள்வதில்லை. சுருங்கிக் கசியத் தொடங்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டிலும் ஓடிய பழைய ஃபெர்குசன் ஒருவரிடம் இருந்தால் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது. தக்கையும் ரப்பரும் ஊறிப்போகும். டயரிலும் ஒரு சிக்கல். இந்திய வண்டிகளின் 6.00-16 முன் டயர் எங்கும் கிடைக்கும், டிஇ-20க்குரிய 4.00-19ஐத் தேடி அலைய வேண்டும். வண்டி வாங்கும் முன்பே டயர் அளவைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பக்கத்து வீட்டுக்காரர் தரப்பைக் கேட்போம். அவர் புகாரில் முதலாவது கொசு. அது அற்பப் புகார் அல்ல. கழற்றிப்போட்ட டிராக்டர் டயர் ஒன்றில் தேங்கும் மழைநீர் டெங்கு கொசுவுக்குப் போதும். டயரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அதன் உள்வளைவில் தண்ணீர் தங்கத்தான் செய்யும். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் இப்படிக் கொசு வளரும் இடங்களின் மேல் உள்ளாட்சி நடவடிக்கை எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். கூரைக்கு வெளியே ஒரு டயரும் கிடக்கக் கூடாது என்பது சேகரிப்பவர் தானே போட்டுக்கொள்ள வேண்டிய விதி.

இரண்டாவது சத்தம். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கேபின் இல்லாத பழைய டிராக்டர் ஓட்டுநரின் காதருகே 90ஐத் தாண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு டெசிபல் குறையும் என்பது கணக்கு. இரண்டு சுற்றுச்சுவருக்கு நடுவே அந்தக் குறைவும் கிடைப்பதில்லை. ஒற்றை சிலிண்டர் ஐஷர் தெருவுக்கே கேட்கும். கண்டிப்பாகப் பார்த்தால் எந்த வண்டியும் இந்த வரம்புக்குள் நிற்காது. நடைமுறையில் ஞாயிறு முற்பகலில் அரைமணி நேரம், அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, என்றால் தெரு பொறுத்துக்கொள்கிறது. ஆயுத பூஜையன்று எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, பக்கத்துக் குழந்தைகளை ஏற்றி ஒரு சுற்று வந்தால் மீதிப் பொறுமையும் கிடைத்துவிடும்.

மூன்றாவது எண்ணெய். பிடித்துவிட்ட பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரக் கழிவு என்கின்றன. அதைச் சேர்த்துவைத்து, அதற்கென்று வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். டீசலைப் பொறுத்தவரை பெட்ரோலியச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது: ஓர் இடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல், உரிமம் தேவையில்லை. சட்டம் விடுகிறது என்பதற்காக வீட்டு வாசலில் ஒரு பேரலுக்கு மேல் வைப்பது மடத்தனம்.

சட்டத்தின் உண்மையான கோடு வேறிடத்தில் விழுகிறது. சொந்த வண்டியைச் சொந்த வாசலில் நிறுத்துவதும் பழுதுபார்ப்பதும் ஒன்று. அடுத்தவர் வண்டியைக் காசுக்குப் பார்ப்பது வேறு. அது பட்டறை. குடியிருப்பில் பட்டறை நடத்த உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் அதை ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். சேகரிப்பவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டுவது தெரியாமல்தான். நண்பரின் வண்டிக்கு லிஃப்ட் பார்த்துக் கொடுத்தோம், அவர் சொல்லி இன்னொருவர் வந்தார் என்று தொடங்கும். புகார் முற்றினால் வருவாய்க் கோட்டாட்சியர் பொதுத்தொல்லை என்று அகற்ற உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்த அந்த அதிகாரம் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. பிரிட்டனில் இதே கேள்விக்குத் திட்டமிடல் அலுவலர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எனக்குப் பிடிக்கும்: வீட்டில் வாழ்வதற்குத் துணையாகப் பொழுதுபோக்கு இருக்கிறதா, பொழுதுபோக்குக்குத் துணையாக வீடு இருக்கிறதா? அமெரிக்காவின் பல நகரங்கள் ஓடாத வண்டியை வெளியே நிறுத்தத் தடை விதித்துவிட்டு, வேலியோ சுவரோ மறைத்தால் சேகரிப்பு வண்டிகளுக்கு விலக்குத் தருகின்றன. நம்மூரில் இப்படித் தெளிவாக ஒன்றும் எழுதிவைக்கவில்லை. கட்டுத்தாரையாக இருந்த காலத்திலிருந்தே நிற்கும் வண்டிக்கும், போன மாதம் லாரியில் வந்து இறங்கியதற்கும் வித்தியாசம் பார்க்கும் விதியும் இல்லை.

ஆவணங்களில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல. முதல் பதிவு பதினைந்து ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பத்து வருடமானால் டிராக்டரை உடைத்தே ஆக வேண்டும் என்று கிளம்பிய வதந்தியை மத்திய போக்குவரத்து அமைச்சகமே மறுத்துவிட்டது. ஆகவே பழையதென்பதற்காக யாரும் பிடுங்கிப்போக முடியாது. ஆனால் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரில். அவர் காலமாகி இருபது வருடம். நிலவள வங்கிக் கடனில் வாங்கியது; கடன் தீர்ந்தும் புத்தகத்தில் அடமானக் குறிப்பு நிற்கிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, அடமானம் நீக்க வங்கிக் கையொப்பத்தோடு படிவம் 35, புதுப்பிக்கப் படிவம் 25. மூன்றெழுத்தில் தொடங்கும் 1989க்கு முந்தைய பதிவெண்களின் கோப்பு, மாவட்டமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் பிரிந்து பிரிந்து டிஎன்-28, டிஎன்-34 என்று ஆனதற்குள் எங்கே போயிற்றென்று கண்டுபிடிப்பது ஒரு தனி வேலை. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறெந்த இடத்திலும் ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. நிறுத்தி வைப்பதற்குத் தடை இல்லை, ஓட்டத்தான் தடை. ஓடாத வண்டி கெட்டுப்போகும் என்று மேலே பார்த்தோம்.

2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வயது கடந்து, மூல வடிவம் குலையாமல் இருந்தால் ‘விஏ’ என்ற எழுத்தோடு பத்தாண்டுப் பதிவு; புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் வரலாம். வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது சொந்த உபயோகக் காரும் மோட்டார் சைக்கிளும். விவசாய டிராக்டருக்கு அதில் வெளிப்படையான இடம் இல்லை. பெரும் மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோ, உழைத்த டிராக்டர் எதையும் உள்ளே விடாது. ஒரு திருத்தம் போதும்: டிராக்டரையும் பெயர் சொல்லிச் சேர்த்து, உழைப்பால் வந்த மாற்றத்தைக் குறையாகக் கருதாமலிருக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பஞ்சாபைக் காட்டலாம். பாடகர் சித்து மூசேவாலா எச்எம்டி 5911 மேல் வைத்த ஆசையால் அந்த மாடலை இளைஞர்கள் தேடி வாங்கினார்கள். 2022இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது இறுதி ஊர்வலம் அந்த டிராக்டரில்தான் போனது. தயாரித்த எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016இலேயே முடிவெடுத்துவிட்டது. ஆலை போனது, வண்டி ஊர் வாசல்களில் நின்றது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பெட்ரோல் தடைப்பட்டபோது ஆஸ்டின் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியே உயிரோடு வைத்திருந்தார்கள். அங்கே பற்றாக்குறை காப்பாற்றியது, பஞ்சாபில் பாட்டு காப்பாற்றியது. நம் சமவெளியில் இதுவரை காப்பாற்றியது பட்டறைகள். கணினி வைத்துப் பார்க்கும் இன்றைய எஞ்சின்களுக்குப் பழகிய அடுத்த தலைமுறைக்குப் பழைய டிபிஏ டீசல் பம்பைப் பிரித்துக் கோக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே மூன்றுக்கு மேல் வண்டி சேர்ந்துவிட்டவருக்கு என் யோசனை, நகருக்குள் கூரையை நீட்டாதீர்கள் என்பது. தோட்டம் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கொடுக்க இடம் தேடுங்கள். டிராக்டர் பிரித்துப் படிக்க வேண்டிய மாணவர்கள் பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. சேலத்துக்குப் பக்கத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று பத்து வண்டி நிற்கும் ஒரு கொட்டகையைப் போட்டு, வாரம் ஒருநாள் கிளம்பவைத்தால் இந்தப் பகுதியின் உழவு வரலாற்றுக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். செலவு ஒரு நெல் குடோன் கட்டுவதற்கு மேல் ஆகாது. கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கும் வீடுகள் இங்கே உண்டு.

வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்கிறதென்றால் இந்த வாரமே மூன்று காரியம் செய்துவிடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்து, யார் பெயரில் இருக்கிறது, அடமானக் குறிப்பு உண்டா என்று பாருங்கள். அந்த வண்டிக்கு வேலை பார்த்த பட்டறைக்காரர் இன்னும் இருந்தால் அவரை வீட்டுக்கு அழைத்து, எதை எப்போது மாற்றினார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.